பின் சீட்டுக் கனம்

"டயரைப் பாருங்க! ரப்பரால அழிச்ச மாதிரி ஒரு பக்கமாத் தேஞ்சு போயிருக்கு. மெக்கானிக் உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னாரா இல்லையா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! அக்காவுக்குத் தெரியாதது இந்த வீட்டுல என்ன இருக்கு?"

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் பாட்டுக்கு மதிலோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். ஆனாலும் இன்னொரு தடவை உலர்த்தினால் யாருக்கு என்ன நஷ்டம்?

மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கணக்கு டீச்சர். வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது அவள் வீட்டுக்காரர், பல் டாக்டர். நடுவில் ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டிருந்தது அந்த வண்டி. பழைய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம், உயரம் ஒரு மாடி இருக்கும். டாக்டர் அதைக் 'குட்டி' என்பார். தெருவில் நாங்கள் 'எருமை' என்போம். வாங்கிய நாளிலிருந்து லீவு நாள் முழுக்க அவருக்கு அதன் அடியில்தான் குடித்தனம். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை இன்ஜினுக்குள் விட்டுப் பார்ப்பார். பிரஷ் போட்டு ஒவ்வொரு நட்டையும் தேய்ப்பார். அந்தப் பிரஷ் திரும்பவும் கிளினிக்குக்குப் போகிறதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனாலேயே என் கடைவாய்ப் பல்லை வேறு இடத்தில் காட்டினேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு குமிழ். இந்த மாதிரிப் பழைய வண்டியில், உள்ளே இருக்கிற கம்பியை இழுத்துவிட்டால் மட்டும் நாலு சக்கரமும் இழுத்துவிடாதாம். இறங்கிப் போய், முன் சக்கரம் ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் இருக்கிற குமிழைக் கையால் திருப்பி 'லாக்'கில் வைக்க வேண்டும். அப்போதுதான் முன் சக்கரமும் வேலை செய்யும். மலை, சேறு என்றால் லாக். தார் ரோடு என்றால் 'ஃப்ரீ'. இவ்வளவுதான் சங்கதி. டாக்டர் மாசக்கணக்கில் கிளினிக்குக்கும் மார்க்கெட்டுக்கும் கம்பியையும் இழுத்துவிட்டு, குமிழையும் லாக்கில் வைத்தே ஓட்டியிருக்கிறார். டயரும் போய், முன்பக்கத்தில் இரும்பை அரைக்கிற சத்தமும் வந்த பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். மெக்கானிக் சொன்னதை டீச்சர் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் அந்த நேரம் கடையில் புதுசாக வந்திருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சரி, தெரியாமப் பண்ணிட்டேன். இப்ப என்ன, தூக்குல போடப் போறியா? குமிழை ஃப்ரீயில திருப்பியாச்சு. விடு."

"அவர் சொன்ன இன்னொண்ணு ஞாபகம் இருக்கா? மலைக்குப் போறப்போ..."

"டீச்சரம்மா! இது உன் கிளாஸ் இல்ல. என் வண்டிய நான் பாத்துக்கறேன். யாரும் தொடவும் வேணாம், புத்தி சொல்லவும் வேணாம்."

நான் மதிலுக்கு மேல் தலையை நீட்டலாமா என்று யோசிப்பதற்குள் டீச்சரின் குரல் வந்தது. கத்தவில்லை. வகுப்பில் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கிற குரல்.

"சரி. நீங்களா வந்து என்னைக் கேக்குற வரைக்கும், இந்த வண்டியப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினா என் பேரை மாத்திக்கிறேன்."

"ரொம்ப சந்தோஷம்."

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அவள் அம்மாவுடன் ஒரு புடவைத் தகராறில் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தவள். அது டாக்டருக்கும் தெரியும். வண்டியைப் பற்றி மட்டும் என்று தொடங்கியது, ரெண்டே நாளில் மொத்தப் பேச்சும் நின்றுபோவதில் முடிந்தது.

இந்த நிலைமையில்தான் அவர்கள் மலைக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். அதன் தலைவருக்குக் கேப்டன் என்று பேர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கட்டிலும் மெத்தையும் விற்கிற கடை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், உடம்பு முழுக்கப் பாக்கெட் வைத்த கால்சட்டை போடுவார். மற்றவர்களுக்கு அந்த வாரம் ஏதேதோ வேலை வந்துவிட, கேப்டன் வண்டியும் டாக்டர் வண்டியும் மட்டும்தான் மிஞ்சின. மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கு ஒரு காட்டுப்பாதை. காலையில் ஏறி, சாயங்காலத்துக்குள் இறங்குவது திட்டம்.

டாக்டரின் தங்கை அவர்கள் வீட்டோடு இருப்பவள். போன் கம்பெனியில், கோபமாகக் கூப்பிடுகிறவர்களுக்குச் சமாதானம் சொல்கிற வேலை. முப்பத்தைந்தாகியும் மாப்பிள்ளை அமையவில்லை என்று தெருவே கவலைப்பட்டது. அவள்தான் படவில்லை. அவளும் கிளம்பினாள்.

நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தையல் தொழில். திரைச்சீலை, மெத்தை உறை, வண்டி சீட்டு உறை. எருமைக்குப் புது உறை தைத்தது நான்தான். மலைப்பாதையில் ஆட்டத்துக்கு அது நழுவுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டாமா? தொழில் சுத்தம். பேசாத புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் நாள் முழுக்க எப்படிக் குலுங்குகிறார்கள் என்று பார்ப்பது அதற்கு அடுத்தபடிதான்.

காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் தார் முடிந்தது. முன்னால் போன கேப்டன் நிறுத்தினார், இறங்கினார், தன் வண்டியின் முன் சக்கரம் இரண்டிலும் குனிந்து எதையோ திருப்பினார், கையைத் தட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். எங்கள் டாக்டர் அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியை இழுத்தார். எதிரே பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களாக்கா? பச்சை. நாலு சக்கரமும் ரெடி. இனி சுவத்துலகூட ஏறும்."

நான் டாக்டருக்குப் பின்னால் இருந்தேன், தங்கை டீச்சருக்குப் பின்னால். டீச்சர் ஜன்னல் வழியாகச் சக்கரத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கொட்டாவி என்று நினைத்தேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தரை காய்ந்து கிடந்தது. கல்லும் வேருமாகப் பாதை. வண்டி ஆடியபடி ஏறியது. நான் தைத்த உறை ஒரு இம்மி நகரவில்லை. டாக்டர் ஒவ்வொரு கல்லைத் தாண்டியதும் 'சபாஷ் குட்டி' என்றார். டீச்சர் பேசுவதையெல்லாம் நாத்தனாரிடம் பேசினாள். "உங்க அண்ணாவைத் தண்ணி குடிக்கச் சொல்லு." "அண்ணா, அண்ணி தண்ணி குடிக்கச் சொல்றாங்க." "தாகம் இல்லன்னு சொல்லு." முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு வந்து திரும்ப முன் சீட்டுக்குப் போன செய்திகளை நான் நடுவில் அனுபவித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு உச்சியோடு முடிந்தது.

உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் மேகம் கீழே இறங்கியது. மழை என்றால் தூறல் இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. இந்தப் பக்கத்து மலை முழுக்கச் செம்மண். ஒரு வண்டி அகலம்தான் பாதை. டாக்டர் பக்கம் மலைச்சுவர். டீச்சர் பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால், ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் மரங்களின் தலை தெரிந்தது. நான் ஒரு தடவைதான் பார்த்தேன். கேப்டன் வண்டி வளைவுக்கு வளைவு முன்னால் போய்க் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது.

முதலில் பின்பக்கம் லேசாக வாலாட்டியது. "என்னண்ணா அது?" என்றாள் தங்கை. "ஒண்ணுமில்ல, மண்ணு." குரலில் காற்று இல்லை. அடுத்த வளைவில் டாக்டர் பிரேக்கைத் தொட்டார். அவ்வளவுதான். வண்டியின் பின்பாதி எங்களை விட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டது. அது மலைச்சுவரை நோக்கி வழுக்க, மூக்கு பள்ளத்தின் பக்கம் திரும்பியது. யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். வண்டி ஏதோ ஒரு கல்லில் மோதிக் குலுங்கி நின்றது.

முன் கண்ணாடியில் பாதை தெரியவில்லை. வானம் தெரிந்தது. வைப்பர் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டியது.

"ரிவர்ஸ்," என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரிவர்ஸ் போட்டார். பின் சக்கரம் இரண்டும் சேற்றில் சும்மா சுழன்று அலறின. வண்டி பின்னால் வருவதற்குப் பதில் முன்னால் ஒரு விரற்கடை நழுவியது. பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு அடியிலிருந்து கல் உதிர்ந்தது. அது கீழே விழுந்து அடங்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவே இல்லை.

டாக்டர் பிரேக்கை மிதித்தார். கைப்பிரேக்கைத் தோள் வரைக்கும் இழுத்தார். அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்குமாம். பின் சக்கரமோ சேற்றில் நின்றது. ஆக, நாங்கள் நாலு பேரும் தொங்கிக்கொண்டிருந்தது டாக்டருடைய ஒரு காலில்.

"நாலு சக்கரமும் போட்டிருக்கேனே," என்றார் அவர், அழுகிற பிள்ளை மாதிரி. "பச்சை எரியுதே. ஏன் இழுக்கல?"

டீச்சர் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்: "குமிழைத் திருப்பல."

"என்ன?"

"கீழ நீங்க எறங்கவே இல்ல. ஃப்ரீயிலதான் இருக்கு. முன் சக்கரம் சும்மா உருளுது."

"உனக்குத் தெரியுமா?"

"பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு... சொல்லாம..."

"எங்கியாவது சேத்துல மாட்டுவீங்க, எறங்கி நின்னு என்னைக் கேப்பீங்கன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனக்கலைங்க. சத்தியமா நெனக்கல."

எனக்கு அப்போதுதான் அந்தக் கொட்டாவி விளங்கியது. நாலு உயிரை வைத்துக்கொண்டு ஒரு வாய் மூடியிருந்திருக்கிறது.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் உடம்பு அசைய, வண்டியும் அசைந்தது. எல்லாரும் கல்லானோம். வண்டிக்கு வண்டி பேச வைத்திருந்த வாக்கிடாக்கியில் கேப்டன் கரகரத்தார்: "டாக்டரே, ஆளையே காணோம், எங்கியாவது மாட்டிக்கிட்டீங்களா? இங்க வண்டி திரும்ப வழியில்ல. கயித்தை எடுத்துக்கிட்டு நடந்து வர்றேன். அப்படியே இருங்க." அப்படியே இருக்க மண்ணுக்குப் பொறுமை இல்லை. அது கரைந்துகொண்டிருந்தது. இன்னும் ரெண்டு கல் போனது.

"நான் எறங்கித் திருப்பறேன்," என்றாள் டீச்சர்.

"நீ உக்காரு. நான் போறேன்."

"நீங்க காலை எடுத்தா எல்லாரும் போயிடுவோம்."

அவள் பக்கக் கதவைத் திறந்தால் கால் வைக்க இடம் இல்லை. சீட்டைத் தாண்டிப் பின்னால் ஏறி, என் மடி மேலாக ஊர்ந்து, மலைப்பக்கக் கதவைத் திறந்தாள். நானும் அவளோடு எழுந்தேன். யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத காரியம் அது. திறந்த கதவு, அந்தப் பக்கம் கெட்டியான மலை.

"அக்கா, உக்காருங்க." என் தோளை அமுக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் எறங்கக் கூடாது. பின்னால கனம் போச்சுன்னா இந்த வண்டி நிக்காது. அசையக்கூடக் கூடாது."

என் உடம்பைப் பற்றித் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மற்றவர்களைப் பற்றிப் பேசியதற்கு வட்டியும் முதலுமாகப் பேசுவார்கள். அந்த உடம்பை நம்பி ஒரு வண்டி நின்றது. உட்கார்ந்தேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

டீச்சர் மலைப்பக்கச் சக்கரத்தில் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒன்று முடிந்தது. நிமிர்ந்தாள். வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் குறுக்கே, பக்கவாட்டாக அடி வைத்து அந்தப் பக்கம் போனாள். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் குந்தி உட்காருகிற இடம்தான் இருந்தது. உட்கார்ந்தாள். பானட்டுக்கு மேல் தெரிந்துகொண்டிருந்த தலை மறைந்துவிட்டது.

இனி எங்களுக்குக் காது மட்டும்தான். மழை கூரையைத் தட்டியது. வைப்பர் கீச்சிட்டது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா," என்றார் டாக்டர். திரும்பாமல், உதடு மட்டும் அசைய.

"என்ன டாக்டர்?"

"கால் மரத்துப் போச்சு."

"எந்தக் கால்?"

"பிரேக் கால். அமுக்கறேனா, விட்டுட்டேனான்னே தெரியலக்கா."

அவர் தொடை, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கலாமா? திடுக்கிட்டு எழுந்து ஒரு அடி பின்னால் வைத்தாளென்றால்? பின்னால் அடியே கிடையாது. கூப்பிடாமல் இருந்தால்? இந்தக் கால் நழுவினால் முதலில் சக்கரம் போவது அவள் மேல்தான். ஊரில் யார் எதைச் சொன்னாலும் மறு வீட்டுக்குக் கொண்டுபோகிற என் வாய், அப்போது பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

தங்கைதான் அசைந்தாள். "அக்கா, நீங்க நடுவுல நகருங்க. மெதுவா. நல்லாப் பின்னால சாயுங்க." அது அவள் ஆபீஸ் குரல். நகர்ந்தேன். அவள் முன் சீட்டு ரெண்டுக்கும் இடையில் பூனை மாதிரி உடம்பை நுழைத்து, அண்ணனுடைய முழங்காலை ரெண்டு கையாலும் பிடித்து, தன் பாரம் முழுக்கப் போட்டுக் கீழே அழுத்தினாள்.

"அண்ணா, பயப்படாதீங்க. கொஞ்சம் காத்திருங்க. நாங்க பாத்துட்டு இருக்கோம்."

"கஸ்டமர் மாதிரிப் பேசாதடி," என்று விம்மினார் டாக்டர்.

"வேற மாதிரி பேச வரலண்ணா. பயமா இருக்கு."

வெளியிலிருந்து டீச்சரின் குரல்: "கை வழுக்குது! குமிழ் இறுகிக் கெடக்கு. ஏதாவது துணி குடுங்க!"

துணி! என்னைச் சுற்றி நான் தைத்த துணிதானே இருந்தது. உறையின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தேன். கிழிந்தால்தானே? ரெட்டைத் தையல். எந்தப் பாவி இப்படித் தைத்தாள் என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் தங்கை, ஒரு கையை முழங்காலிலிருந்து எடுக்காமலே, கழுத்தில் சுற்றியிருந்த சால்வையை இன்னொரு கையால் அவிழ்த்து, டீச்சர் பக்கத்துத் திறந்த ஜன்னல் வழியாக எறிந்தாள். ஒரு சேற்றுக் கை மேலே வந்து அதைப் பிடித்தது. அந்தக் கையைப் பார்த்ததும் டாக்டர் வாய்விட்டு அழுதார்.

முனகல். மறுபடி முனகல். மண் சரிகிற சத்தம். பிறகு, 'டக்.'

அவள் எழுந்தாள். திரும்பி வர வேறு வழி இல்லை, எங்களுக்கு முன்னால்தான் வர வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி. நட்டநடுவில் வந்தபோது வண்டி நழுவியது.

ஒரு சாண் இருக்கும். அதற்குள் அவள் ரெண்டு கையையும் பானட்டின் மேல் ஊன்றிவிட்டாள், தள்ளி நிறுத்திவிடுகிறவள் மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம், இந்தப் பக்கம் அவர் முகம். வைப்பர் போய் வந்தது. அவள் கத்தவில்லை. அவரும் கத்தவில்லை. தங்கை மட்டும் "அமுக்கறேன் அண்ணி, அமுக்கறேன், அமுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். பின்னால் சாய்ந்து கனத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் கனத்ததில்லை.

நின்றது.

டீச்சர் கையை ஒவ்வொன்றாக எடுத்தாள். பக்கவாட்டாக நகர்ந்து மலைச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. அங்கிருந்தே சொன்னாள்: "கம்பிய லோவுல தள்ளி ரிவர்ஸ் போடுங்க. ஆக்சிலேட்டர் வேணாம். கைப்பிரேக்க விட்டுட்டு, கிளட்ச்ச மட்டும் மெதுவா விடுங்க. வண்டியே இழுத்துக்கும்."

"அண்ணா, கிளட்ச் விட விட நான் உங்க காலை விடறேன். சரியா?"

"சரி."

"சரின்னு சொல்லிட்டு அழக் கூடாது. கண்ணு தெரியணும்."

இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. வண்டி ஒரு தடவை நடுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முன் கண்ணாடியிலிருந்து வானம் மெல்ல மெல்ல விலகிப்போய், அந்த இடத்தில் சேறும் சகதியுமான, உலகத்திலேயே அழகான அந்தப் பாதை வந்து நின்றது. முன் சக்கரம் ரெண்டும் மண்ணைக் கவ்விப் பிடித்து எங்களைப் பின்னால் இழுத்துவிட்டிருந்தன.

டீச்சர் ஏறவில்லை. "ஏறு" என்றார் டாக்டர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மலைச்சுவரை ஒட்டி மழையில் முன்னால் நடந்தாள். நாங்கள் முதல் கியரில் அவள் பின்னால் ஊர்ந்தோம். அடுத்த வளைவில் தோளில் கயிற்றோடு மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்த கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? கீழே சமதரை வந்து வண்டி நின்ற பிறகும் டாக்டரால் இறங்க முடியவில்லை. கேப்டனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். கேப்டன் அந்த மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார். அவள் மழையில் நனைந்தபடி இன்னும் அண்ணனுடைய முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். தன் பாக்கெட்டுகளில் ஏதோ ஒன்றிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்த நிலைமையிலும் நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் பெண்டாட்டியிடம் சொன்னார்: "நீ அங்க உக்காந்திருந்தப்போ எனக்குக் கால் இல்ல. அமுக்கினேனா இல்லையான்னு எனக்கு இப்பவும் தெரியாது."

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் டீச்சர். "உங்க மூஞ்சிலயே தெரிஞ்சுது."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

சண்டை என்றால் எனக்குப் பழக்கம். இது சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்தார்கள். எனக்கும் பார்க்கப் பயமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஏரியை யாரும் பார்க்கவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்து டீச்சர் பஸ் பிடித்தாள். நானும் அவளோடு பஸ்ஸில்தான் வந்தேன். வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு இறக்கம் வரும்போதெல்லாம் பிடி இறுகியது.

அதற்குப் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'தண்ணி வேணுமா?' 'வேணாங்க.' 'கதவைச் சாத்தட்டுமா?' 'நீங்க சொல்லுங்க.' ஒவ்வொன்றுக்கும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். துணி உலர்த்துவதில் எனக்கு ஆர்வமே போய்விட்டது. டாக்டர் ஓட்டுகிற எந்த வண்டியிலும் டீச்சர் ஏறுவதில்லை. அவரும் கூப்பிடுவதில்லை. கிளினிக்குக்கு நடந்தே போனார்.

மழைக்காலம் முடிந்ததும் தங்கைக்கும் கேப்டனுக்கும் கல்யாணம். இத்தனை வயதுக்கு மேலா என்று வாயைக் கோணியவர்கள் எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும்தான். எருமையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுவது அவள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன்னால் குமிழ் ரெண்டையும் அவளே இறங்கிப் பார்க்கிறாளாம். கேப்டனும் பின்னாலேயே இறங்கி இன்னொரு தடவை பார்க்கிறாராம். இப்போது கட்டில் கடை இருக்கிற தெருவிலேயே குடியிருக்கிறார்கள்.

டீச்சர் மாற்றல் கேட்டு, பார்வைக்கெட்டிய தூரம் வரை மேடே இல்லாத ஒரு ஊருக்குப் போய்விட்டாள். புருஷன் பின்னாலேயே போவாரா மாட்டாரா என்று தெருவில் ரெண்டு கட்சி. நான் மாட்டார் என்ற கட்சி. பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு விடுகிற சமயத்தில் டாக்டர் நாற்காலியையும் கருவிகளையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டு, தான் டீச்சர் ஊருக்குப் பஸ் ஏறிப் போனார். கை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்குப் புதுசாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. ரெண்டு பேருக்கும் சைக்கிள்தான்.